வெள்ளிமலை வண்டியில் துடித்த இமை

ராஜாங்கம் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி, அணைக்குத் திரும்புகிற முனையில் சாலையோரப் புளியமரம் ஒன்று சாயத் தொடங்கியிருந்தது. ரம்பம் போட்டவர்கள் விலகி ஓடிவிட்டார்கள். மரத்தின் உச்சியில் கட்டிய வடத்தை எதிர்ப்பக்க வயலில் நின்று பத்துப் பதினைந்து பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் பஸ்ஸின் போர்டைப் படித்துவிட்டான்.

"மலை வண்டிடா. வுடு, வுடு, போவட்டும்."

வடம் தொய்ந்தது. மரம் ஒரு கணம் யோசித்தது போல நின்றது. அந்த ஒரு கணத்தில் பஸ் நுழைந்தது. கிளை ஒன்று பின்பக்க ஏணியைச் சீவிக்கொண்டு போயிற்று. கூடையோடும் கோழியோடும் உட்கார்ந்திருந்த ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பஸ் அந்தப் பக்கம் போய் மூச்சு வாங்குவதற்குள் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கேட்டது என்பதைவிட சீட்டுக்கு அடியில் அதிர்ந்தது என்பதே சரி.

படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் ஷேக் பரீத் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "அண்ணே, கதவச் சாத்திட்டானுங்க. இனிமே கள்ளக்குறிச்சி அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம்."

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த நேரம். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கு என்று ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். நேற்றுவரை பேச்சாக இருந்தது இன்று மரமாக விழுந்துகொண்டிருந்தது. ராஜாங்கத்துக்கு அவர்கள் மேல் கோபமில்லை. அவருடைய மகன் இளவரசன் நல்ல மார்க் வாங்கியும் பாலிடெக்னிக் வாசலோடு திரும்பி வந்தவன்தான். வேலை தேடி வெளியூர் போகாமல் சொந்த ஊர் மணலூர்பேட்டையில் இருந்திருந்தால் அவனும் இன்று ஏதாவது ஒரு வடத்தைப் பிடித்திருப்பான்.

அவருக்குக் கவலை வேறு. அது அடிவாரத்தைத் தொட்டதும் வந்துவிட்டது.

இடது கண்ணின் கீழிமை துடித்தது.

முதலில் லேசாக. மாடு ஈயை விரட்டத் தோலைச் சிலிர்க்குமே, அப்படி. பிறகு நிற்காமல். ஆடி மாதத்தில் ஆரம்பித்த தொல்லை. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் வெறும் வானம் என்றிருக்கும் பாதை அது. கொண்டை ஊசி வளைவுகளில் இந்தப் பழைய பஸ் ஒரே மூச்சில் திரும்பாது. பாதி திருப்பி, பின்னுக்கு வந்து, மறுபடி திருப்ப வேண்டும். பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு மண் இருக்கிறதென்று டிரைவருக்குத் தெரியாது. கீழே இறங்கி நிற்கிற கண்டக்டர் சொல்வதுதான்.

"வா... வா... இன்னும் வா... வா..."

பரீத் பாய் அதைக்கூட ராகம் போட்டுத்தான் சொல்வார். கறுப்புக் கண்ணாடியும் வாயில் ஒரு சினிமாப் பாட்டுமாக, எந்நேரமும் ஓயாத வாய் அவருக்கு. "பாயி வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்று மலை ஜனங்கள் கேலி செய்வார்கள். "சாவிய உன்கிட்டயே குடுத்துடறேன் வா" என்பார் அவர்.

அந்தக் குரலை நம்பி ராஜாங்கம் பின்னுக்கு வந்தார். இமை படபடவென்று அடித்தது. பார்வை மறையவில்லை. ஆனால் மறைந்துவிடுமோ என்ற பயம் கையில் ஈரமாக வந்து ஸ்டியரிங்கில் வழுக்கியது. இந்த மலைக்குத் தார் போட்ட காலத்திலிருந்து ஓட்டுகிறார். ஒரு கோழிகூட அவர் சக்கரத்தில் செத்ததில்லை. அமிர்தம் பஸ் சர்வீஸ் முதலாளி போன வாரம் ஷெட்டில் நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டார்: கண் சரியில்லையென்றால் சொல்லிவிடு ராஜாங்கம், பரீத்தான் ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டானே, வண்டியை அவனிடம் கொடுத்துவிடலாம்.

கேட்டதில் தப்பில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

வெள்ளிமலையில் பஸ்ஸை நிறுத்தியபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வண்டியைவிட்டு இறங்காமலே ஒரு முடிவெடுத்தார். ரோடு திறந்து கீழே இறங்குகிற நாளில் இந்தத் துடிப்பு நிற்கவில்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியது. பிறகு இந்த ஜென்மத்தில் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை.

முக்கில் டீக்கடை வைத்திருந்த ஆயம்மாள் வழக்கம்போல இரண்டு கிளாஸோடு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஆண்பிள்ளைக்கு இடது கண் துடிக்கலாமா என்று முகம் சுளித்தாள். "வூட்டுக்காரம்மா வலது கண்ணு துடிச்சா ரெண்டும் சமமாப் பூடும், வுடு ஆயம்மா" என்று பரீத் பாய் ஒரே வரியில் அதை முடித்துவிட்டார். பிறகு ராஜாங்கத்தின் கையைப் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனதும் அவர்தான்.

டாக்டர் சுபஸ்ரீக்கு மலைக்கு வேலைக்கு வந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. சின்னப் பெண். ஆனால் கேள்வி கேட்கும்போது போலீஸ் மாதிரி கேட்பாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்ணை இறுக மூடச் சொன்னாள், திறக்கச் சொன்னாள். புருவத்தைத் தூக்கு, பல்லைக் காட்டு, கன்னத்தை ஊது என்றாள். ராஜாங்கம் எல்லாம் செய்தார். பக்கத்தில் நின்ற பரீத் பாய் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று ஆரம்பித்து, பல் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பேசிக்கொண்டே போனார்.

எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள் என்று கேட்டாள். கடைசி டிரிப் முடித்து, வண்டியிலேயே சாய்ந்து, விடிவதற்கு முன்னால் முதல் டிரிப்புக்கு எழுந்துவிடுவதாகச் சொன்னார். பீடி உண்டா? எப்போதாவது. தூசி? டிரைவர் பக்க ஜன்னல் கண்ணாடி உடைந்து மாதக்கணக்காகிறது, காற்று நேராகக் கண்ணில்தான் அடிக்கும். கவலை? ராஜாங்கம் ஜன்னல் வழியாக பஸ்ஸைப் பார்த்தார். அவள் புரிந்துகொண்டாள்.

"டீ எத்தனை குடிப்பீங்க?"

"ரெண்டுங்க."

பரீத் பாய் இடி மாதிரிச் சிரித்தார். "டாக்டரம்மா, அது அவரு காசு குடுத்துக் குடிக்கிற டீ. ஓசி டீயக் கணக்குல சேக்கல."

சுபஸ்ரீக்கு விளங்கவில்லை. பாய் விளக்கினார். பஸ் எந்தக் கடை வாசலில் நிற்கிறதோ அந்தக் கடைக்குத்தான் வியாபாரம். அதனால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீ இனாம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒன்று, கச்சிராயபாளையத்தில் எதிரெதிரே இரண்டு கடை என்பதால் இரண்டு, அணை முனையில், அடிவாரத்தில், மேலே ஆயம்மாள் கடையில். திரும்பும்போது மறுபடி எல்லாம். ஒரு கடையில் குடித்துவிட்டு இன்னொன்றில் வேண்டாம் என்றால், ஏன், என் டீ கசக்குதா என்று கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

சுபஸ்ரீ ராஜாங்கத்தைப் பார்த்தாள். அவர் உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். "அது டீயாங்க? அது மரியாதைங்க."

"நரம்புக்கு மரியாத தெரியாதே, டிரைவர். அது எல்லாத்தையும் டீன்னுதான் எடுத்துக்கும்" என்றாள் அவள், சிரிக்காமல்.

பிறகு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். இமைக்குள் ஒரு தசை கண்ணைச் சுற்றி வளையமாக ஓடுகிறது. அதற்கு மேலே இருக்கிற தோல், உடம்பிலேயே மெல்லிசான தோல். காலையில் கண் விழித்ததிலிருந்து தூங்குகிற வரைக்கும் அது மூடி மூடித் திறக்கிறது. தூசியைத் துடைக்கிறது, கண்ணை ஈரமாக வைத்திருக்கிறது. தூக்கம் குறைந்தால், டீயும் பீடியும் கூடினால், கண் காய்ந்தால், மனதில் பாரம் ஏறினால், அந்தத் தசையில் ஓர் இழை தானாகத் துள்ள ஆரம்பிக்கும். மற்றவர்கள் உற்றுப் பார்த்தால்கூடச் சிலசமயம் தெரியாது. துடிக்கிறவருக்கு மட்டும் உலகமே ஆடுவது போல இருக்கும். முக்கால்வாசிப் பேருக்கு இவ்வளவுதான் விஷயம். வந்த மாதிரியே போய்விடும்.

ராஜாங்கம் பெஞ்சிலேயே அசையாமல் இருந்தார். ஐம்பது வருஷமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறார். ஒருதடவையாவது சிமிட்டு என்று அவர் சொன்னதுண்டா? சொல்லாமலே நடந்திருக்கிறது. வளைவில் நடந்திருக்கிறது, தாலி கட்டும்போது நடந்திருக்கிறது, அப்பா செத்துக் கிடந்தபோதும் நடந்திருக்கிறது.

"அப்ப, அத ஓட்டறது யாருங்க?" என்று கேட்டார்.

சுபஸ்ரீ டார்ச்சை மேஜையில் வைத்தாள். "உள்ள ஒரு டிரைவர் இருக்காருன்னு வெச்சிக்கோங்களேன். அவருக்கு லீவே கெடையாது. களைச்சிப் போனா வண்டி லேசாக் குலுங்கும். அவ்ளோதான்."

எப்போது பயப்பட வேண்டும் என்று ராஜாங்கம் கேட்டார். அவருக்கு அதுதான் முக்கியம். சாவியைக் கொடுக்கவேண்டிய இடம் எது என்று தெரிய வேண்டும்.

நன்றாகத் தூங்கி, டீயை விட்ட பிறகும் வாரக்கணக்கில் நிற்காமல் போனால், வந்து காட்ட வேண்டும் என்றாள். இமை துடிப்பதோடு நிற்காமல் தானாக இறங்கி முழுக்க மூடிக்கொண்டால், திறக்கப் பாடுபட வேண்டியிருந்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து அப்படிச் செய்தால், ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. வெளிச்சத்தில் கண் கூசி இன்னும் அதிகமாக மூடும். கன்னமும் வாயோரமும் கூடச் சேர்ந்து இழுத்தால், இமை தொங்கிப்போனால், கண் சிவந்து பீளை தள்ளினால், பார்வை மங்கினால், அதுவும் அப்படித்தான். "அந்த மாதிரி ஆளு ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. யாரா இருந்தாலும் சரி."

ராஜாங்கத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு கண், கீழிமை, துடிப்பு மட்டும். அவர் பெருமூச்சு விட்டார். அப்போதுதான் அறை அமைதியாக இருப்பது தெரிந்தது. பரீத் பாய் வாயைத் திறக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். சுபஸ்ரீ அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ராஜாங்கத்தை மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு அனுப்பினாள். பாயை மட்டும் இருக்கச் சொன்னாள். மருந்து வாங்கி, அதை எப்படி விடுவதென்று கேட்டு, வேப்பமரத்தடியில் நின்று ராஜாங்கம் காத்திருந்தார். பாய் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் சத்தம் போட்டதற்காகத் திட்டினாள் என்றார். "வாய அடக்கச் சொல்லுதுண்ணே அந்தப் பொண்ணு. அடக்க முடியுமா சொல்லு" என்று சொல்லிவிட்டு, பாடிக்கொண்டே பஸ்ஸைப் பார்க்க நடந்தார்.

மறுநாள் ராஜாங்கம் மலையின் விளிம்புக்குப் போய் நின்று பார்த்தார்.

கீழே சமவெளி கிடந்தது. கரும்பும் நெல்லும் ஏரியும் கோமுகி அணை நீரின் பளபளப்பும் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ரோடும் இருந்தது. ரோட்டில் மட்டும் ஒன்றுமே நகரவில்லை. லாரி இல்லை, பஸ் இல்லை, புழுதி இல்லை. காற்று வாக்கில் எப்போதும் மேலேறி வருகிற ஹாரன் சத்தம் இல்லை. பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோவில், திசைக்கொரு நெடுஞ்சாலை இப்படித்தான் கிடக்கிறது என்று சொன்னார்கள். பேர் தெரியாத ஜனங்கள், கையில் ரம்பமும் வடமுமாக இறங்கி, இத்தனை பெரிய நிலத்தை நிறுத்திவிட்டார்கள். அவர் வாழ்நாள் முழுக்க ஓட்டத்தையே பார்த்தவர். ஓட்டம் நின்றால் இப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற மலைக்காரர் ஒருவர் காதில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "கீழ ஊரு இருக்குதா போய்ட்டுதா?" என்று கேட்டார். ராஜாங்கத்துக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

பஸ் நின்றதில் எல்லாமே நின்றது. அவர் தூங்கினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. வெயில் முகத்தில் ஏறிய பிறகும் தூங்கினார். ஆயம்மாள் கடையில் டீத்தூள் குறைந்தது. கீழிருந்து சாமான் வந்தால்தானே? முதலில் கலர் வெளுத்தது, பிறகு வெந்நீருக்கும் டீக்கும் வித்தியாசமில்லாமல் போயிற்று, பிறகு கடையே மூடியாயிற்று. ஆயம்மாள் அதை ராஜாங்கத்துக்குச் செய்த துரோகம் போல நினைத்து அவர் கண்ணில் படாமல் நடந்தாள். அவருக்கோ தலை வலித்தது. ஒருநாள் முழுக்க மண்டை இடித்தது. அடுத்த நாள் குறைந்தது.

மத்தியானங்களில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பக்கவாட்டுக் கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பி வைத்துக்கொள்வார். இமையைப் பார்ப்பார். அது மூடும், திறக்கும். அவர் அதை மூடாமல் வைக்கப் பார்ப்பார். கண் எரியும், நீர் கட்டும், கடைசியில் அது அவரைக் கேட்காமல் மூடிக்கொள்ளும். தோற்றுப்போனதில் அவருக்கு ஒரு சந்தோஷம். உள்ளே இருக்கிறவன் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்வார். மனைவி கமலாவிடம் சொன்னால் பைத்தியம் என்பாள். யாரிடமும் சொல்லவில்லை.

துடிப்பு எப்போது நின்றது என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஒரு காலையில் முகம் கழுவும்போதுதான் தெரிந்தது. விரலை வைத்துப் பார்த்தார். இமை, தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி அமைதியாக இருந்தது. ஈரக் கையோடு வெகுநேரம் அப்படியே நின்றார்.

பரீத் பாயிடம் ஓடிப்போய்ச் சொன்னார். பாய் பஸ்ஸுக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார், பாட்டோடு. "அல்லா பெரியவன்ணே" என்று கீழிருந்தே குரல் வந்தது. வெளியே வரவில்லை. இந்த வாரத்தில் அவர் அப்படித்தான் இருந்தார். ஊரார் கூடிப் பேசுகிற இடத்தில் உட்காரவில்லை. ஜனங்கள் சீட்டாடக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்றார். கள்ளக்குறிச்சியில் மனைவி மெகருன்னிசாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்களோ என்ற கவலை என்று ராஜாங்கம் நினைத்துக்கொண்டார். அதுவும் போக, லைசென்ஸ் எடுத்துக் காத்திருக்கிற மனுஷன். தன் கண் சரியாகிவிட்டதென்றால் அவருக்கு சீட் இல்லை. சந்தோஷப்படு என்று கேட்பதும் நியாயமில்லை.

சுபஸ்ரீயிடம் போய்க் காட்டினார். அவள் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கவலையிலோ அலைச்சலிலோ இனிமேலும் எப்போதாவது இரண்டு துடி துடிக்கலாம், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது, பார்வைக்கும் கைக்கும் அதில் சம்பந்தமில்லை என்றாள். கிளம்ப எழுந்தவரை நிறுத்தினாள்.

"டிரைவர், ஒண்ணு கேட்டுக்கறேன். கீழ எறங்கறப்ப நீங்கதான் ஓட்டணும். எது நடந்தாலும் சாவிய யார்கிட்டயும் குடுக்காதீங்க."

யார்கிட்டயும் என்றால் பரீத் ஒருவர்தான் இருக்கிறார். லைசென்ஸ் உள்ள ஆள்தானே என்று ராஜாங்கம் கேட்டார்.

"என்னைக் கேக்காதீங்க. சொல்றதுக்கு எனக்கு உரிமையில்ல."

அவருக்குச் சுருக்கென்றது. புது லைசென்ஸ்காரனை நம்பக் கூடாது என்கிறாள் போலிருக்கிறது. நாலு மருந்துப் பாட்டில்களை வைத்துக்கொண்டு மலைமேல் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு, பரீத் போட்ட ராகத்தில்தான் தான் இத்தனை நாள் அந்தப் பள்ளத்தில் விழாமல் இருப்பது எப்படித் தெரியும்? விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

ரோடு திறந்த செய்தி ஒரு காலையில் ஜீப்பில் வந்தது. மரங்களை ஓரமாக உருட்டிப் போட்டிருக்கிறார்கள், வண்டி போகலாம். சற்று நேரத்தில் பஸ் நிரம்பிவிட்டது. ஒரு வாரமாகத் தேங்கியவர்கள். தேன் குடம், மரவள்ளி மூட்டை, ஆட்டுக்குட்டி, பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற ஒரு பெண், பேரனைப் பார்க்கப் போகிற பாவாடை என்கிற பல்லில்லாத கிழவர். கூரைமேலும் ஆட்கள்.

ராஜாங்கம் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை நேராக்கினார். பின்னால் திரும்பி அத்தனை முகங்களையும் பார்த்தார். எதிரே ரோடு வளைந்து, பாறைக்குப் பின்னால் மறைந்தது.

இமை துடித்தது.

ஒருதடவை. நின்றது. மறுபடி இரண்டு தடவை.

டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அவர் கை சாவியைத் திருப்பவில்லை. தன் ஒருத்தன் உயிர் என்றால் திருப்பியிருப்பார். பிரசவத்துக்குப் போகிற பெண் முன்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். தனக்குத் தானே போட்டுக்கொண்ட கணக்கு இது: இறங்குகிற நாளில் துடிப்பு இருந்தால் கொடுத்துவிட வேண்டியது.

அவர் இறங்கி வந்து, படிக்கட்டருகே நின்ற பரீத் பாயின் கையில் சாவியை வைத்தார்.

பாய் முகம் வெளுத்தது. "வேணாண்ணே. இன்னைக்கி வேணாம்."

"எனக்குத் துடிக்குது பாய். நீ ஓட்டு."

"லேசாத்தான இருக்கும். நீயே ஓட்டுண்ணே, நான் பக்கத்துலயே நிக்கறேன்."

உன் லைசென்ஸை எதற்கு வைத்திருக்கிறாய், பூஜை போடவா என்று ராஜாங்கம் கோபித்துக்கொண்டார். உள்ளே ஜனங்கள் பொறுமை இழந்தார்கள். பாவாடைக் கிழவர் தலையை நீட்டி, "பாயே ஓட்டட்டும்பா. பாட்டாவது கேட்டுக்கினு போவலாம்" என்றார். பஸ் சிரித்தது. பரீத் பாய் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாவியைப் பார்த்தார். ஆசைப்பட்டுக் காத்திருந்த பொருளை மனுஷன் எப்படிப் பார்ப்பானோ அப்படி. பிறகு, எங்கோ ஒரு முடிவுக்கு வந்தவராக, பாட ஆரம்பித்தார். பாடிக்கொண்டே ஏறினார். பாடிக்கொண்டே சீட்டில் உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது.

ராஜாங்கம் பின்படிக்கட்டில் ஏறி நின்றார். கண்டக்டர் இடத்திலிருந்து பஸ் வேறு மாதிரித் தெரிந்தது. விசில் கொடுக்கக் கையை வாயில் வைத்தவர், ஆஸ்பத்திரிச் சரிவில் யாரோ ஓடி வருவதைப் பார்த்தார். சுபஸ்ரீ. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்துக் குழாய் முதுகில் அடிக்க, கல்லும் முள்ளும் பார்க்காமல் ஓடி வந்தாள்.

அவள் நேராக முன்னால் போய் பஸ்ஸின் குறுக்கே நின்றாள். இரண்டு கையும் எஞ்சின் மூடியின் மேல். மூச்சு வாங்கியது. குரல் உயராமல்தான் சொன்னாள்.

"எறங்குங்க பாய்."

பாட்டு நின்றது. ஆட்டுக்குட்டிகூடச் சத்தம் போடவில்லை. என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டே ராஜாங்கம் மூட்டைகளைத் தாண்டி முன்னால் வந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரையே பார்த்தாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

பரீத் பாய் எஞ்சினை நிறுத்தினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ராஜாங்கம் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார்.

இரண்டு கண்ணும் மூடியிருந்தன. தூங்குகிறவன் மூடுவது போல இல்லை. சோப்பு பட்ட குழந்தை இறுக்குமே, அப்படி. புருவம் கீழே இழுபட்டு, இமைகள் ஒன்றையொன்று கவ்வியிருந்தன. அவற்றைத் திறக்க அவர் நெற்றி முழுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. நரம்பு புடைத்தது. இமை அசையவில்லை.

ராஜாங்கம் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது பரீத் பாய் மெல்ல முனகினார். வெறும் ராகம். வார்த்தைகூட இல்லை. அந்த முனகலுக்கு இமைகள் பிடியை விட்டன. ஒரு கோடு வெளிச்சம், பிறகு கரு விழி, பிறகு முழுக் கண். ஈரத்தோடு அது ராஜாங்கத்தைப் பார்த்தது. ராகம் நின்றது. கண் மூடிக்கொண்டது. மறுபடி ராகம். மறுபடி திறந்தது. முன்சீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவாடைக் கிழவர் கைகூப்பிவிட்டார். டார்ச் அடித்து, புத்தகம் படித்து வந்த சுபஸ்ரீயே, முதல்முறை பார்ப்பவள் போல அசையாமல் நின்றாள்.

ராஜாங்கம் கையை நீட்டினார். நீட்டிய கையில் சாவி வந்து விழுந்தது. தன் இமை இப்போது துடிக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அது ஒரு பொருட்டாகவும் இல்லை.

"எப்பலேர்ந்து பாய்?"

பரீத் பாய் அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வாய மூடினா கண்ணும் மூடிக்குதுண்ணே. தை மாசத்துலேர்ந்து."